பஹீமின் நாடியில் நாற்பத்தாறு

மூன்று மாடிப் படிகளையும் ஓடி ஏறி, மூச்சு வாங்க நிற்கும் ஒருவனின் நாடி ஏன் ஓடவில்லை? அந்தக் கேள்வியில் என் நண்பன் பஹீமின் உயிரே இருந்தது. அன்றைக்கு எனக்கு அது தெரியாது.

பஹீமின் வாப்பா ஜமால்தீன் பிலிமத்தலாவையில் சின்ன ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறார். பகிடி விடுவதில் வகுப்பில் பஹீம்தான் முதல் ஆள். மேடு ஏறுவதில் கடைசி ஆள். அவன் சோம்பேறி என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவனும் அப்படித்தான் நினைத்திருந்தான்.

உயர்தர வகுப்பில் உயிரியல் பாடத்துக்கு நாடித்துடிப்புப் பரிசோதனை வந்தது. சும்மா இருக்கும்போது ஒரு நிமிடம் எண்ண வேண்டும். படியேறி வந்ததும் மறுபடி எண்ண வேண்டும். பஹீமின் கையைப் பிடித்து எண்ணியவன் நான். மற்றவர்களுக்கு எழுபதில் தொடங்கி நூற்றிருபதுவரை போனது. அவனுக்கு நாற்பத்தாறு. ஓடி வந்த பிறகு ஐம்பத்திரண்டு. மூன்று தரம் எண்ணினேன். அவன் உதடு வெளுத்து, கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றான். என் விரலுக்குக் கீழே நாடி மட்டும் ஆறுதலாக, மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருந்தது.

"இவன் எங்க ஓடின? படியில குந்திட்டு வந்தீப்பான்," என்றான் பக்கத்தில் நின்ற ஹுதைபா.

எண்ணத் தெரியாவிட்டால் வேறொருவனிடம் கொடு என்றார் நிஸாம் சேர். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பிழை என் விரலிலா, மணிக்கூட்டிலா, பஹீமிலா என்று விளங்கவில்லை. புத்தகத்து வரைபுக்குப் பொருந்தும்படி எழுபத்தாறு, நூற்றுப்பதினெட்டு என்று அவன் கொப்பியில் எழுதினேன். சேர் சரி போட்டார்.

"நல்ல நாடியொண்டு தந்தீக்கிறாய் மச்சான்," என்று பஹீம் சிரித்தான்.

மூன்று கிழமைக்குப் பிறகு பல்லேகல மைதானத்துக்கு மெட்ச் பார்க்கப் போனோம். அங்கே படியேறும்போது அவன் மயங்கி விழுந்தான். ஆஸ்பத்திரியில் டொக்டர், துடிப்பு இவ்வளவு மெதுவாக இருப்பது புதிதா, பழையதா என்று கேட்டார். அடுத்த நாள் அவனுடைய உம்மா ரபீகா அந்தக் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார்.

"போன மாசம் ஸ்கூல்ல எண்ணினது. புள்ளைக்கு ஒரு கொறையும் இல்ல."

டொக்டர் குழம்பிவிட்டார். இடையில் காய்ச்சல் வந்ததா, ஏதாவது குளிசை குடித்தானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கொஞ்ச நேரம் அந்த இலக்கங்களை நானே நம்பினேன்.

"அது நான் பொய்க்கி எழுதின, சாச்சி," என்றேன். டொக்டரிடம் சிங்களத்தில் சொல்ல வாய் வரவில்லை. ஒரு தாளில் 46, 52 என்று எழுதிக் கொடுத்தேன்.

ரபீகா சாச்சி என்னை ஏசவில்லை. கொப்பியை மூடிவிட்டு, மகனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

இது பிறவியிலேயே இருந்திருக்கலாம் என்று டொக்டர் சொன்னார். பஹீமின் நெஞ்சில், இதயத்தைச் சரியாகத் துடிக்கவைக்கும் சின்னக் கருவி ஒன்று வைத்தார்கள். பரீட்சையை ஒரு வருடம் தள்ளிப்போட்டுவிட்டு, இப்போது காலையில் கடையில் நிற்கிறான். நான் படிப்பை முடித்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிறேன். என் விரல் உணர்ந்ததை விட்டுவிட்டு, புத்தகத்தில் அச்சடித்த வரைபை ஏன் நம்பினேன் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இந்த வருடம் நாடி எண்ணப்போகும் மாணவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், இதை அவருக்குச் சொல்லுங்கள். தன் பெயரையும் சேர்த்தே சொல்லச் சொன்னான் பஹீம்.