மூன்று விரல் பாக்கியரத்தினம்

வெருகல் பாக்கியரத்தினத்துக்கு வலது கையில் மூன்று விரல்தான். மற்ற இரண்டும் கண்டல்குளச் சந்தி ஸ்டேசன் புல்லுக்குள் போனவை. சண்டைக் காலத்தில் ரயில் நின்று, தண்டவாளச் சிலிப்பர் கட்டையெல்லாம் பங்கருக்குப் போயிருந்தபோது, மாடு தேடி வந்த பொடியன் பாக்கியம் எதையோ தொட, அது வெடித்துவிட்டது. மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் பாதை பிரிகிற அந்த ஸ்டேசன் திரும்ப எழும்பியபோது, அங்கேயே போர்ட்டர் வேலை கிடைத்தது. அன்றிலிருந்து புல்லில் கால் வைக்காமலே வேலை பார்க்கிறார்.

திருகோணமலைக்கு ஒற்றைப் பாதை. அங்கிருந்து வருகிற ரயில், தோல் பையில் இருக்கும் பித்தளை வில்லையைக் கொடுத்தால்தான் இங்கிருந்து அடுத்தது புறப்படலாம்.

வியாழன் காலை திருகோணமலையிலிருந்து கோதுமை மா ஏற்றிய ரயில் நிற்காமல் ஓடியது. பை தொங்க டிரைவர் நீட்டிய வளையத்தைப் பாக்கியம் பிடித்தார். பிடி வழுக்கியது. வளையம் கையில் நின்றது. பை அறுந்து புழுதிக்குள் எங்கோ பறந்தது.

தேடியபோது புல்லுக்குள் ஒரு கறுத்த பை. வார் வயர்போல வளைந்து கிடந்தது.

"ஐயே, தொட வாணாம்!" கடமையில் நின்ற பொலிஸ் விசிலடித்தார். "தனியா இருக்கிற பேக். திருகோணமலைல இருந்து குண்டு பாக்கிற ஆள் வரும். ரெண்டு மணித்தியாலம்."

"அது எங்கட பை, சேர்."

"ஷுவரா?"

பாக்கியம் திரும்பவும் எட்டிப் பார்த்தார். பை கொஞ்சம் பருத்தாற்போல் தெரிந்தது.

அந்த வில்லைக்காகக் காத்து நின்ற ரயிலின் யன்னலால் ஆமினா உம்மா எட்டிப் பார்த்தார். கிழமைக்கு இரண்டு தரம் திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கிட்னிக்கு இரத்தம் கழுவப் போகிறவர். கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"என்ன மனே, இதுக்குள்ளயே குசினி கட்டிச் சோறாக்கவா? பதினொண்டுக்குப் போகாட்டி மெஷின் இல்ல. இனித் திங்கள்தான். அதுவரைக்கும் தாங்க ஏலாது."

"பயமாக் கிடக்கு, உம்மா."

"பயந்துபயந்தே போ. நான் ஓதிக்கொண்டிருக்கன்."

பொலிஸ் கத்தக் கத்த, பாக்கியம் புல்லுக்குள் இறங்கினார். ஒரு அடி. இன்னொன்று. முதுகு நனைந்தது. இடது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, ஏற்கெனவே குறைந்த கையையே நீட்டினார்.

தூக்கினார். உள்ளே பித்தளை கிணுங்கியது.

பையோடு ஸ்டேசன் மாஸ்டரின் அறைக்கு ஓடினார். கொஞ்ச நேரத்தில் ரயில் கூவி நகர்ந்தது.

யன்னலால் குரல் வந்தது: "மூண்டும் கிடக்கா மனே? எண்ணிப் பார்!"

பாக்கியம் எண்ணிப் பார்த்தார்.