அஞ்சுகிராமத்தில் ஒரு அந்தமான் வாத்து

மாசி மாதம், கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். காரணம், பறவை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்த மங்கலான படம். அஞ்சுகிராமம் பக்கத்து வயலில் பழுப்பு வாத்து ஒன்று, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். "அந்தமான் கிளுவையோ?" என்று யாரோ கேட்டிருந்தார்.

அந்தக் கிளுவை வாத்து தீவை விட்டு வராது. அங்கேயே அருகிப்போன இனம். போர்ட் பிளேரில் இருபது வருடம் வேலை பார்த்த எனக்கு இது தெரியாதா? சாயங்காலங்களில் நானும் மனைவி வசந்தாவும் சதுப்புக் கரையில் நிற்போம். முதலில் அவள்தான் கண்டுபிடிப்பாள். முழங்கையில் இடித்து, "அங்க பாருங்க" என்பாள். அவளை அங்கேயே எரித்துவிட்டு நாகர்கோவிலுக்குத் தனியாகத் திரும்பினேன். அந்த வாத்து வந்திருந்தால், அவளைப் பார்த்த ஒரு உயிராவது இங்கே இருக்குமே என்று நினைத்தேன். ஆசை வெட்கமறியாது.

நாகர்கோவிலிலிருந்து காலை 6.20 பஸ், டிக்கெட் இருபது ரூபாய், முக்கால் மணி நேரம். பக்கத்து இருக்கை கடைசிவரை காலி. அஞ்சுகிராமத்தில் இறங்கி வயலுக்கு மூன்று கிலோமீட்டர், ஆட்டோவுக்கு எண்பது ரூபாய்.

"அங்க யாரு சார் இருக்கா?" என்றார் ஓட்டுநர்.

"ஒரு வாத்து."

அவர் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

அறுத்த வயலின் தாளடியில் ஒரு பெரிய வாத்துக் கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. வெகுதூரம் தள்ளி ஒன்று தனியே நின்றது. பைனாகுலரை வைத்தேன். வெள்ளை வளையம்.

"அங்க பாரு வசந்தா" என்று சொல்லிவிட்டேன்.

வாத்து மேய்க்கும் செல்லத்துரை என் பின்னால் எட்டிப் பார்த்தார். "யாருட்ட சார் பேசுதிய?"

நான் வாத்தைக் காட்டினேன்.

"அது நம்ம தாராக்கூட்டத்து வாத்து இல்ல சார். போன வாரம் வேற கூட்டக்காரங்க மேய்ச்சாவ. கலந்துராம இருக்கதுக்கு தலையில வெள்ளப் பெயிண்டு வைப்பாவ. கண்ணுல வழிஞ்சிருக்கு. லாரியில ஏத்தும்போது இது விட்டுப்போச்சு. நம்ம கூட்டத்துல சேக்கப் பாத்தேன், எல்லாம் கொத்தி வெரட்டுது."

கிட்டே போய்ப் பார்த்தேன். சாதாரண வீட்டு வாத்துதான். வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அதுவும் நகராமல் நின்றது. வெயில் ஏறும்வரை நாங்கள் இருவரும் அப்படியே இருந்தோம்.

போகிறவர்களுக்கு: வயல்பக்கம் கடை கிடையாது, அஞ்சுகிராமத்திலேயே டீயும் ரசவடையும் முடித்துக்கொள்ளுங்கள். ஏழரைக்குள் போய்ச் சேருங்கள். கூட ஒரு ஆளைக் கூட்டிப் போங்கள். பைனாகுலர் ஒன்று போதும், மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம்.