கறுப்பு ஃப்ளேக்கும் மூன்று நாக்குகளும்

1. விற்பனைக்குப் போன முதல் நாள்

எங்கள் கம்பெனி தயாரித்த பைப் புகையிலையைப் பற்றி நான் நேரில் கேட்ட முதல் அபிப்பிராயம் ஒரே சொல்லில் இருந்தது: "சாணி."

சொன்னவர் கேப்டன் மேனன். கொச்சித் துறைமுகத்துக்குள் வரும் கப்பல்களில் ஏறி, அவற்றுக்கு வழிகாட்டிக் கொண்டுவரும் பைலட். கோட்டைக் கொச்சியில் கடலைப் பார்த்திருந்த ஒரு கிளப்பின் வராந்தாவில், நான் நீட்டிய டின்னைத் திறந்து மோந்து பார்த்தார். ஒரு வில்லையை எடுத்துப் பைப்புக்குள் திணித்தார். பற்றவைத்தார்; அணைந்தது. மறுபடி பற்றவைத்தார், மறுபடி அணைந்தது. தீக்குச்சியை வீசிவிட்டு டின்னை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"பசுத் தொழுவத்திலே வினிகர் ஊத்தின மாதிரி இருக்கு. உங்க சேட்டுகிட்ட சொல்லு, இதை ரோஜாச் செடிக்குப் போடலாம்னு."

பக்கத்து நாற்காலிக்காரர்கள் சிரித்தார்கள். நான் வணக்கம் சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். அழுகை வரவில்லை. ஆனால் மட்டாஞ்சேரிக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்த டின்னை மடியில் வைத்துக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. அதைக் குடைக்குள் போட்டு மறைத்துக்கொண்டேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு குஜராத்தி சேட்டின் புகையிலை மண்டியில் நான் டைப்பிஸ்ட். எங்கள் அப்பா காலத்திலேயே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அரிசி வியாபாரத்துக்கு வந்து கொச்சியில் ஊன்றிவிட்ட குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், ஆபீஸில் இங்கிலீஷ் என்று வளர்ந்தவள். அதனால்தான் அந்த வேலை கிடைத்தது.

வெளிநாட்டு பைப் புகையிலை டின்கள் கடைகளில் கிடைக்காமல் போன காலம். கப்பலிலிருந்து திருட்டுத்தனமாக இறங்குவது மட்டும்தான். சேட்டு ஜெயந்திலால் அதில் ஒரு வழியைக் கண்டார். குண்டூர் வர்ஜீனியா இலை நம்மிடமே இருக்கிறது. வெள்ளைக்காரன் செய்கிற கறுப்பு ஃப்ளேக்கை நாமே செய்தால் என்ன? ஒரு பழைய பிரஸ்ஸை வாங்கிப் பின்கட்டில் போட்டார். பிரஸ் மேஸ்திரி பீரான் இக்கா. இலையின் நடு நரம்பைக் கிழித்தெடுத்து, ஆவி காட்டி, இரும்புத் தட்டுகளுக்கு நடுவே வைத்துத் திருகி, சூட்டிலேயே விட்டுவைப்பார். மஞ்சள் இலை மெல்லக் கருப்பட்டி நிறத்துக்கு வரும். பலகை மாதிரி இறுகிய அந்தக் கட்டிக்குப் பெயர் கேக்; அதைக் கத்தியால் வில்லை வில்லையாகச் சீவினால் அதுதான் ஃப்ளேக்.

நரம்பு கிழிக்கிறவர்கள் எல்லாம் எங்கள் தெருப் பெண்கள். என் மதினி செண்பகமும் அதில் ஒருத்தி. அண்ணன் சுமை தூக்கும்போது விழுந்து காலொடிந்து படுத்திருந்த வருஷம் அது. அடுப்பு எரிந்தது மதினியின் கையால்தான்.

சரக்கு விற்கவில்லை. எங்கள் சேல்ஸ்மேன் தானும் பைப் பிடிக்கிறவர். குறை சொன்ன வாடிக்கையாளர்களிடம், "உங்களுக்குப் பிடிக்கத் தெரியலே" என்று சண்டை போட்டுவிட்டு, ஒரு நாள் வேலையையே விட்டுப் போய்விட்டார். சேட்டு எல்லாரையும் கூப்பிட்டார்.

"ஓணம் வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ளே நாலு பேர் நல்லாருக்குன்னு சொல்லலேன்னா பிரஸ்ஸைப் பழைய இரும்புக்குப் போட்டுடுவேன். பின்கட்டையும் மிளகுக்காரனுக்கு வாடகைக்கு விட்டுடுவேன்."

மதினியின் முகத்தைப் பார்த்தேன். "நான் போறேன் சேட்டு," என்றேன்.

"நீயா கோமதி? பைப் குடிக்கிற ஆம்பளைங்க நடுவிலே பொம்பளைப் பிள்ளை போய் என்ன பேசுவே? உனக்கு அதோட ருசி தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சவர் போய்த்தானே சண்டை வந்தது. நான் கேட்டுட்டு மட்டும் வர்றேன்."

அவர் சிரித்துவிட்டார். அப்படித்தான் நான் அந்தக் கிளப்புக்குப் போனேன்; சாணி என்ற சொல்லோடு திரும்பினேன்.

2. சேனைக்கிழங்கும் பிளம் கேக்கும்

இரண்டாவது ஆள் குரியன் சார். ஏலூரில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் இன்ஜினியர். அவர் வீட்டுக்குப் போனபோது, கொடுத்தனுப்பிய சாம்பிள் டின் பாதி காலியாகியிருந்தது. சந்தோஷப்பட்டேன். அவர் நாக்கை வெளியே நீட்டிக் காட்டினார்.

"வேகாத சேனைக்கிழங்கைத் தின்ன மாதிரி ஆயிடுச்சு. மணம் மோசமில்லே, கேட்டோ. என்னமோ உள்ளே நல்லது இருக்குன்னு தோணுது. ஆனா கடிக்குது."

பேசிக்கொண்டே இன்னொரு பைப் நிரப்பிப் பற்றவைத்தார். ரயில் எஞ்சின் மாதிரி புகை விட்டார். இரண்டு நிமிஷத்துக்குள் பைப்பைக் கையில் பிடிக்க முடியாமல் மேஜையில் வைத்தார்.

மூன்றாவது ஆள் டிக்ரூஸ் அங்கிள். ஆங்கிலோ இந்தியர். போத்தனூரில் ரயில்வேயில் இருந்து ரிட்டையர் ஆகி, மனைவியின் ஊரான கோட்டைக் கொச்சிக்கு வந்தவர். அதனால் நல்ல கோயம்புத்தூர்த் தமிழ் பேசுவார். ஏற்கெனவே ஒரு சாம்பிள் டின் கொடுத்திருந்த அவரிடமும் திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன்.

"எங்கம்மா இத்தனை நாளா போயிருந்தே?" என்றார். "டின்னு தீர்ந்து நாலு நாளாச்சுங்க. இன்னொண்ணு குடு."

"அங்கிள், நல்லாவா இருந்தது?"

"நல்லாவா? கிறிஸ்துமஸ் பிளம் கேக்கை ஜனவரியிலே திறந்து பாத்திருக்கியா? அந்த வாசம். முதல்லே உலர்ந்த திராட்சை. நடுவுலே சுட்ட ரொட்டி. அடியிலே போகப் போக, கருப்பு வெல்லம் காய்ச்சற மாதிரி. சும்மா நாக்குல உக்காந்துக்குது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரே கேக்கிலிருந்து சீவிய ஒரே சரக்கு. ஒருவருக்குச் சாணி, ஒருவருக்குச் சேனை, ஒருவருக்குப் பிளம் கேக். இவர் என்னிடம் இரக்கப்பட்டுப் பொய் சொல்கிறாரோ என்றுகூடத் தோன்றியது. "கொஞ்சம் குடிச்சுக் காட்டுங்க அங்கிள்," என்று புது டின்னைத் திறந்து கொடுத்தேன்.

அவர் இரண்டு வில்லைகளை எடுத்தார். உள்ளே இருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "ஜெபமாலை முடியற வரைக்கும் அந்தக் குழாயைப் பத்தவைக்கக் கூடாது!"

டிக்ரூஸ் அங்கிள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். வில்லைகளை உதிர்த்து ஒரு செய்தித்தாளில் பரப்பி ஜன்னலோரம் வைத்தார். கையைக் கூப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் உட்கார்ந்திருந்தேன். ஜெபம் நிதானமாக நடந்தது. முடிந்து வந்தவர் அந்தத் துகளை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து, விபூதி தேய்ப்பது போலத் தேய்த்தார். பைப்பில் தளர்வாகப் போட்டார். ஒரே குச்சி. புகை வருகிறதா என்றே சந்தேகப்படும்படி, சூடான சாயாவை உறிஞ்சுவது போல, மெல்ல இழுத்தார். பைப் அணையவில்லை. அறையில் ஒரு மணம் பரவியது. புகையே பிடிக்காத எனக்கும் பேக்கரி வாசலில் நிற்பது போல இருந்தது.

கேப்டன் வில்லையை ஈரத்தோடு திணித்த கையும், குரியன் சார் விட்ட எஞ்சின் புகையும் அந்த இடத்திலேயே என் கண்முன் வந்தன. இவ்வளவு நாளும் நான் அவர்கள் வாய் சொன்னதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன், கை செய்ததை அல்ல.

3. சுக்கு வாசனை

மறுநாளே குரியன் சாரிடம் ஓடினேன். பார்த்ததைச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஸ்டீம்! ஈரம் ஆவியாகி நாக்கை வேக வைக்குது. நான் வேகமா இழுக்க இழுக்க இன்னும் கூடுது. தினமும் பாய்லர் பக்கத்திலே நிக்கறேன், என் வாய்க்குள்ளே நடக்கிறது தெரியலையே! உங்க மேஸ்திரிகிட்ட சொல்லு, டின்னிலே அடைக்கிறதுக்கு முன்னாலே ஈரத்தைக் குறைக்கணும். வில்லையும் மெலிசா இருக்கணும்."

பீரான் இக்காவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் தாடியைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"மோளே, ஈரம் போனா என் கேக்கு பொடிஞ்சு போகும். அப்புறம் அதுக்கு ஃப்ளேக்குன்னா பேரு? மூக்குப்பொடின்னு பேரு."

"முழுக்க வேண்டாம் இக்கா. கொஞ்சம். உங்க கேக்கிலே குறையே இல்லே. ஒருத்தர் அதைப் பிளம் கேக்குன்னு சொல்றார்."

"ஆரு?" என்றார் உடனே. டிக்ரூஸ் அங்கிள் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். திராட்சை, ரொட்டி, வெல்லம். இக்கா பீடிகூடப் பிடிக்காதவர். தான் செய்ததைப் பற்றி யாரோ ஒருவர் இப்படிச் சொன்னார் என்று அவர் அன்றைக்குத்தான் முதலில் கேட்கிறார். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு கத்தியைச் சாணை பிடிக்க எடுத்தார்.

முதல் முயற்சி பாழாய்ப் போனது. கர்க்கடக மழை, நம் ஆடி மாதத்து அடைமழை. பின்கட்டில் துணிகூடக் காயவில்லை. பக்கத்துப் பண்டகசாலையின் மாடியில் இடம் கேட்டு, வில்லைகளைப் பாயில் பரப்பினோம். அங்கே மூட்டை மூட்டையாகச் சுக்கு அடுக்கியிருந்தது. மறுநாள் எடுத்துப் பார்த்தால் புகையிலை முழுக்கச் சுக்கு மணம். டிக்ரூஸ் அங்கிள் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "சளிக்கு நல்லதுங்கம்மா," என்றார். அத்தோடு பைப்பைத் தட்டிக் கொட்டிவிட்டார்.

ஓணம் நெருங்கிக்கொண்டிருந்தது. சேட்டு மிளகுக்காரரைக் கூட்டிவந்து பின்கட்டைக் காட்டினார். மிளகுக்காரர் பிரஸ் நின்ற இடத்தைக் கையாலேயே அளந்தார். செண்பகம் மதினி அன்று மாலை என்னோடு வீட்டுக்கு நடந்து வந்தாள். வாசலுக்கு வந்ததும், "நீ எடுத்த வேலையைப் பாதியிலே விட்டுடாதே கோமதி," என்று மட்டும் சொன்னாள்.

வழி கண்டுபிடித்தது பீரான் இக்காதான். ஆவி காட்டும் எங்கள் சொந்த பாய்லர் அறையின் பின்சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். அதை ஒட்டி மரத்தட்டு அடித்தார். வில்லைகளை முன்னைவிட மெலிதாகச் சீவி அதில் பரப்பினார். அடிக்கடி போய் ஒரு வில்லையை வளைத்துப் பார்ப்பார். ஒடியாமல் வளைந்து, விரலில் ஒட்டாமல் வந்தபோது, "இப்போ அடைக்கலாம்," என்றார். நான் மூடியைத் திறந்து மோந்தேன். வினிகர் வாடை ஒரு நிழல் போல மட்டுமே இருந்தது.

4. வராந்தாவில் ஒரு மாலை

குரியன் சார் அந்தக் கிளப்பில் மெம்பர். என்னைத் தன் விருந்தாளியாகக் கூட்டிப்போனார். கேப்டன் மேனன் அதே நாற்காலியில் இருந்தார்.

"ரோஜாச் செடி எப்படியிருக்கு?" என்றார்.

"பூத்திருக்கு சார். பாக்கறீங்களா?" என்று நான் அவர் முன்னால் மேஜையில் காகிதத்தை விரித்தேன்.

வில்லைகளை உதிர்த்துப் பரப்பினேன். "கொஞ்சம் ஆறட்டும்," என்றேன். ஒரு பெண் புகையிலையைப் பிரித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கவே நாலைந்து பேர் எழுந்து வந்துவிட்டார்கள். நிற்கும் நேரத்தை எதனால் நிரப்புவது என்று தெரியாமல், கேப்டனிடம், "பெரிய கப்பலை எப்படி சார் உள்ளே கொண்டு வர்றீங்க?" என்று கேட்டேன். அவர் ஆரம்பித்தார். காற்று, நீரோட்டம், கடல் நீரேற்றம், ஒரு முறை தரைதட்டப் பார்த்த கப்பல். அவர் கதை முடியவும் புகையிலை பதமாகவும் சரியாக இருந்தது. நான் உள்ளங்கையில் தேய்த்து அவர் பைப்பில் தளர்வாக இட்டேன்.

"மெதுவா சார். துறைமுகத்துக்குள்ளே கப்பலைக் கொண்டு வர்ற வேகத்திலே."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பற்றவைத்தார். மெல்ல இழுத்தார்.

பைப் அணையவில்லை. அவர் கடலைப் பார்த்தபடி இருந்தார். பொறுக்க முடியாமல் கேட்டேன்: "சார், எப்படி இருக்கு?"

"பேசாதே," என்றார் கேப்டன் மேனன். "குடிச்சிட்டிருக்கேன்."

குரியன் சார் என் தோளைத் தட்டாத குறைதான். பைப்புக் கிண்ணத்தில் இருந்தது அடிவரை எரிந்து சாம்பல் வெள்ளையாக விழுந்த பிறகுதான் கேப்டன் வாயைத் திறந்தார். "அத்திப்பழம் மாதிரி ஒரு இனிப்பு. அப்புறம் புதுசா சுட்ட ரொட்டி. கடைசியிலே கொஞ்சம் மிளகு. முன்னாடி எனக்கு யார் இதை மறைச்சு வச்சது?"

"நீங்கதான் கேப்டன்," என்றார் குரியன் சார். வராந்தாவே சிரித்தது. நான் கொண்டுபோன டின்கள் எல்லாம் அங்கேயே போயின. படியிறங்கும்போது டின் இல்லாத வெறும் பையை வீசிக்கொண்டு நடந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. கேப்டன் மேனன் எந்தக் கப்பலில் ஏறினாலும் சட்டைப்பையில் எங்கள் டின். வெளிநாட்டுக் கேப்டன்கள் அவருடைய பைப்பின் மணத்தை முகர்ந்து விசாரித்தார்கள். கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்கிறவர் எங்கள் மாடிப்படியேறி வந்து, "அந்தக் கறுப்பு ஃப்ளேக் எவ்வளவு இருந்தாலும் வேணும்," என்றார். சேட்டு மிளகுக்காரருக்கு வேறு இடம் பார்த்துக்கொடுத்தார். ஓணத்தன்று பின்கட்டில் எல்லாருக்கும் இலை போட்டுச் சாப்பாடு. எண்பதுகள் பிறந்தபோது இரண்டாவது பிரஸ் வந்துவிட்டது. விற்பனைப் பகுதி முழுவதையும் நான் பார்த்துக்கொண்டேன். மதினி நரம்பு கிழிக்கும் பிரிவுக்கு மேஸ்திரி ஆனாள்.

புகையிலை உடம்புக்கு நல்லது என்று நான் அன்றும் யாரிடமும் சொன்னதில்லை, இன்றும் சொல்லமாட்டேன். ஆனால் அந்த மாலையில் ஜெயித்தவளின் சந்தோஷத்தையும் நான் மறைக்கப்போவதில்லை.

விற்பனை வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஒருவர் உங்கள் சரக்கைக் குறை சொன்னால் மறுத்துப் பேசாதீர்கள், தலையாட்டிவிட்டும் வராதீர்கள். அதை அவர் எப்படிப் பயன்படுத்துகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பாதிக் குறை சரக்கில் இருக்கும், பாதிக் குறை கையில் இருக்கும். இரண்டையும் சரிசெய்ய வேண்டியது நம் வேலை. அதோடு, கேட்டு வந்த நல்ல வார்த்தையை நீங்களே வைத்துக்கொள்ளாமல், செய்தவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. நார்வேக்காரர் ஒருவர், ஒரு சரக்குக் கப்பலின் சீஃப் இன்ஜினியர், ஒரு நாள் எங்கள் ஆபீஸுக்கே வந்து, இதைச் செய்கிறவரைப் பார்க்க வேண்டும் என்றார். பீரான் இக்காவை மாடிக்கு அழைத்தேன். வெள்ளைக்காரர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, நீளமாக ஏதோ சொன்னார்.

"எந்தா மோளே பறயுன்னது?" என்றார் இக்கா. என்ன சொல்கிறார் என்று கேட்கிறார்.

"அவங்க ஊர்லே குளிர் காலத்திலே இவர் பைப் பத்தவைச்சா, வீட்டுக்காரி இவரைப் பனியிலே வெளியே துரத்திடுவாங்களாம். உங்க புகையிலையைப் பத்தவைச்ச நாள்லேருந்து, நாற்காலியை அடுப்புப் பக்கத்திலே இழுத்துப் போட்டு, 'இங்கேயே உக்காரு'ன்னு சொல்றாங்களாம்."

பீரான் இக்கா அந்த நார்வேக்காரரை மேலும் கீழும் பார்த்தார். அவர் முகம் மெல்ல விரிந்து, தாடி முழுக்கச் சிரிப்பாயிற்று.

"அது மதி," என்றார். "எனிக்கு அது மதி." எனக்கு அது போதும் என்று சொல்லிவிட்டு, படியிறங்கிப் பிரஸ்ஸைத் திருகப் போனார்.