ஜாடியைத் தொட்டவள்

மாரீஸ்வரி வஞ்சம் வைத்தால் லேசில் மறக்கிற ஆள் இல்லை. காமயகவுண்டன்பட்டியில் அவளுக்கு அடுத்த வீட்டுக்காரி நான். எனக்குத் தெரியாதா?

அவள் மாமியார் கஸ்தூரியம்மாளிடம் நான்கு பீங்கான் ஜாடிகள் இருந்தன. வயிறு பாலாடை நிறம், கழுத்து காப்பி நிறம். ஒன்றில் கல்லுப்பு, ஒன்றில் புளி, குட்டியில் நெய். பெரியதில் நார்த்தங்காய் ஊறுகாய். வீட்டுக்குத் தூரமான பெண்ணின் நிழல்கூட அந்தப் பெரிய ஜாடிமேல் விழக்கூடாது. அப்படி ஒரு சட்டம்!

தொண்ணூற்றெட்டில், மாரீஸ்வரி கல்யாணமாகி வந்த புதிதில், அந்த ஊறுகாய் பூசணம் பூத்துவிட்டது. கஸ்தூரியம்மாள் தெருவையே கூட்டிவிட்டாள்.

“தீட்டோட தொட்டுட்டா பாருங்க! தரித்திரம் பிடிச்சவ!”

ஈரக்கையை ஜாடிக்குள் விட்டவன் அவள் புருஷன் கர்ணன். அதை மாரீஸ்வரி கண்ணால் பார்த்திருந்தாள். அவன் வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தான்? பேசாமல் நின்றான், பாவி! ஊறுகாயைக் குப்பைமேட்டில் கொட்டியது மாரீஸ்வரிதான். அதற்குப் பிறகு வடகம் பிழிய யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கல்யாண வீட்டு அடுப்படியிலும் விடவில்லை. தீட்டுக்காரி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

“நான் சொன்னா யாரு நம்புவாக, அக்கா? இருக்கட்டும். இந்தப் பேரை அவுக முகத்துலயே துடைக்கிறேன்,” என்றாள் என்னிடம்.

மாதம் தவறாமல், தூரமான நாட்களில், மாமியார் திராட்சைத் தோட்டத்துக்குப் போனதும், கையைக் கழுவிச் சொட்டு ஈரமில்லாமல் துடைத்துக்கொண்டு, புது ஊறுகாயை ஜாடியின் அடிவரை கிண்டிவிடுவாள். “நல்லா நக்கித் தின்னட்டும்!” என்று சிரிப்பாள். வருடக்கணக்கில் இதையெல்லாம் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இரண்டாயிரத்து ஆறில் அவள் மகளுக்குக் காதுகுத்து. பந்தியில் கஸ்தூரியம்மாளே பெரிய ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊறுகாய் பரிமாறினாள்.

“தீட்டு அண்டவிடாமக் காக்கிறேன். அதான் இந்த ருசி,” என்று ஒரு துண்டை எடுத்துத் தன் வாயிலும் போட்டுக்கொண்டாள்.

“அத்தே,” என்றாள் மாரீஸ்வரி, பந்தி முழுக்கக் கேட்கும்படி. “போன வாரம் தூரமா இருந்தப்பக்கூட நாந்தான் கிண்டிவிட்டேன். மாசாமாசம் நாந்தான். கெட்டுப்போச்சா?”

கஸ்தூரியம்மாளுக்குத் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

“அப்ப அன்னைக்கு எப்படிக் கெட்டுச்சு?” என்றார் கம்பத்திலிருந்து வந்த கர்ணனின் சித்தப்பா ஒச்சாண்டி.

மாரீஸ்வரி, சாம்பார் வாளியோடு நின்ற புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். “சொல்றீகளா, நான் சொல்லட்டுமா?”

கர்ணன் வாளியைக் கீழே வைத்தான். “கஞ்சி குடிச்ச ஈரக்கைய நாந்தாம்மா உள்ள விட்டேன்.”

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கஸ்தூரியம்மாள் வாயிலிருந்ததை மென்று விழுங்கினாள்.

மாரீஸ்வரி ஜாடிக்குள் கையை விட்டாள். “இன்னொரு துண்டு வைக்கட்டுமா அத்தே?”