சுவரில் இரண்டு தட்டு

காதக்கா என்றுதான் தெருவே அவளைக் கூப்பிடும். காது கேட்கும் கருவிகளைப் பொருத்திச் சரிசெய்யும் கடையில் பதினான்கு வருடம். அத்தனை வருடத்தில் அவள் கையில் ஒரு கருவியும் செத்ததில்லை. தானாக அதைச் சொல்லிக்கொள்ள மாட்டாள். பேச்சு அந்தப் பக்கம் வந்தால் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவாள்.

கடை என்பது இரண்டு அறைகளும் நடுவே ஒரு சுவரும். முன்னறையில் கணவரின் தம்பி, பின்னறையில் அவள். ஆளுக்கு ஒரு கணினி. ஆனால் கருவிகளோடு கம்பியில்லாமல் பேசும் யூ.எஸ்.பி. பெட்டி ஒன்றே ஒன்று. இன்னொன்று வாங்க மனம் வராத கொழுந்தன், அதை அறைகளுக்கு வெளியே நடையில் மாட்டி, நெட்வொர்க் வழியாக இரண்டு கணினிக்கும் பொதுவாக்கியிருந்தான். எந்தக் கணினி கேட்கிறதோ, அதிலேயே செருகியதுபோல வேலை செய்யும். ஒரு நேரத்தில் ஒன்றுக்குத்தான்.

வேலை முடிந்ததும் பெட்டியை விட்டுவிட வேண்டும். கொழுந்தன் விடவே மாட்டான். மறதி அவன் கூடப் பிறந்தது. அதனால் ஒரு வழக்கம் வந்தது. பெட்டி வேண்டியவர் சுவரில் இரண்டு தட்டு தட்டுவார். மறுபக்கமிருந்து ஒரு தட்டு வந்தால், வேலை நடக்கிறது, பொறு. ஒன்றும் வராவிட்டால், மறந்துவிட்டான், பிடுங்கிக்கொள்ளலாம். ‘வேறு கணினியில் இருக்கிறது, எடுக்கவா?’ என்று திரை கேட்கும். முழுதாகப் படிக்காமலே ‘ஆம்’ என்று அழுத்துவாள்.

அன்று மதியம் இரண்டு பத்துக்கு, விசிலடிக்கும் கருவியோடு ஒரு தச்சர் அவள் முன்னால் உட்கார்ந்திருந்தார். தட்டினாள். பதில் இல்லை. ஆம்.

கொஞ்ச நேரத்தில் திரைச்சீலை விலகியது. நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர் அம்மாள் நின்றார். உள்ளங்கையில் அவருடைய கருவி.

“அறுபத்திரண்டு சதவீதத்துல நின்னுடுச்சும்மா. அப்படி நடுவுல நிக்கலாமா?” குரல் அந்த அறைக்குப் பெரிதாக இருந்தது.

காதக்கா கருவியை வாங்கிப் பார்த்தாள்.

அந்த அம்மாளுக்கு இடது காது எப்போதோ போய்விட்டது. வலது காதுக்கு இந்த ஒரு கருவி. நான்கு மணிக்கு அவருக்குச் சொல்வதெழுதும் தேர்வு. தேறினால் நீதிபதிக்குக் கீழே பழைய நாற்காலி; இல்லையென்றால் கோப்பு அறை. இன்னும் தெளிவாகக் கேட்கும் என்று கொழுந்தன் புது மென்பொருளை ஏற்ற ஆரம்பித்துவிட்டு, பேட்டரி பார்சல் வாங்கப் போய்விட்டான். தட்டியபோது முன்னறையில் இந்த அம்மாள் மட்டும்தான். கருவி காதில் இல்லை.

“அண்ணே, நாளைக்கு வர்றீங்களா?”

“இந்த விசிலோட வீட்டுக்குப் போனா, குக்கர்னு நெனச்சு அடுப்ப அணைச்சிடுறாம்மா என் பொண்டாட்டி,” என்றார் தச்சர். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

நடையிலிருந்து பெட்டியைக் கழற்றி நேரடியாகத் தன் கணினியில் செருகினாள். தேடியது. ‘கருவி எதுவும் இல்லை.’ பேட்டரியை மாற்றினாள். இல்லை. மூன்றாம் முறை தேடும்போது கொழுந்தன் வந்தான். பார்சலைக் கீழே வைக்கவில்லை.

“அண்ணி, ஓடிட்டு இருக்கும்போதா புடுங்குனீங்க?”

“தட்டினேன்.”

“யார் கேக்கறது, அவங்களா?”

“பரீட்சை நாளும் அதுவுமா உன்னை எவன் மாத்தச் சொன்னான்?”

அந்த அம்மாள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். கொழுந்தன் முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொண்டான். “பழைய மெஷின், அதுவா போயிடுச்சுன்னு சொல்லிடலாம் அண்ணி. அவங்களுக்குக் கேக்கவா போகுது?”

“வாய மூடு. டிரையல் கருவி ஒண்ணு எடுத்துட்டு வா.”

வாடிக்கையாளர் போட்டுப் பார்ப்பதற்கென்று வைத்திருக்கும் கருவி. அந்த அம்மாளின் அளவுகள் கணினியில் இருந்தன. அவற்றை ஏற்றினாள். ஏற்றி முடியும்வரை இருவரும் பெட்டிப் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை. மணி மூன்று ஐந்து. காதில் மாட்டினாள்.

“எப்படி இருக்கு?”

“தகர டப்பாக்குள்ள இருந்து பேசறீங்க.” உயர் சுருதியை இரண்டு படி குறைத்தாள். “இப்ப பரவால்ல.”

பரவாயில்லை போதாது. நோட்டைத் திறக்கச் சொன்னாள். உதடு தெரியாமல் ஒரு அட்டையை முகத்துக்கு நேரே பிடித்தாள். எதைப் படிப்பது என்று யோசித்தாள். பிறகு பார்க்காமலே சொன்னாள்.

“உங்க கருவி தானா கெடல. வேலை நடக்கறப்போ நான்தான் பெட்டிய இழுத்துட்டேன். நீங்க முன்னாடி உக்காந்திருக்கீங்கன்னு எட்டிக்கூடப் பாக்கல. நான்தான்.”

பென்சில் நிற்காமல் ஓடியது. கொழுந்தன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். அந்த அம்மாள் எழுதியதை நீதிமன்றக் குரலில் அப்படியே வாசித்தார். ஒரு சொல் விடவில்லை. வாசித்து முடித்த பிறகுதான் அது என்ன என்று அவருக்கு உறைத்தது. பென்சிலை மேசையில் வைத்தார்.

காதக்கா அட்டையை இறக்கவில்லை.

“இவ்வளவு மெதுவா ஜட்ஜ் சொல்ல மாட்டாரு,” என்றார் அந்த அம்மாள் கடைசியில். “வேகமா சொல்லுங்க. பேப்பர் இருக்கா?”

ஆட்டோவில் காதக்கா அவருக்கு வலது பக்கமாக உட்கார்ந்து, ஹாரன் சத்தத்துக்கு நடுவே, செய்தித்தாளின் முதல் பக்கம் முழுவதையும் மூச்சு வாங்கப் படித்தாள். அந்த அம்மாள் மடியில் எழுதிக்கொண்டே வந்தார். இரண்டு இடத்தில் பென்சில் தடுக்கியது. நீதிமன்ற வாசலில் இறங்கினார். படியேறிப் போய்விட்டார்.

கடைக்குத் திரும்பியவள் அடுத்த ஆளைக் கூப்பிடவில்லை. செத்த கருவியைத் திரும்பத் திரும்பப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். இல்லை, இல்லை என்றது திரை.

ஐந்து இருபதுக்குப் போனில் செய்தி வந்தது.

‘ஏழு பிழை. எட்டு வரை விடுவாங்க. என் கருவிய எப்ப தருவீங்க?’