கண்ணில் ஒற்றக் கூடாத பொன்

புறநகர் வில்லியே லே பெல்லிலிருந்து தினமும் ரயிலேறி பாரிஸுக்கு வந்து, ரூ லூயி-பிளாங் தெருவின் சாப்பாட்டுக் கடையொன்றில் தோசை சுடும் குகதாசன், பழைய அமெரிக்கப் பொற்காசுகளின் தீவிர ரசிகர். அவருடைய சேகரிப்பில் இன்றுவரை ஒன்றும் சேரவில்லை.

அதிலும் அவர் உயிரை விடுவது 'புரூஃப்' காசுக்கு. செலவழிக்க அல்ல, அச்சை மெருகேற்றி, பார்த்து ரசிக்கவென்றே அடித்த காசு. கண்ணாடிபோல முகம் தெரியும். விரல் பட்டால் தடம் விழும். துடைத்தால் மதிப்பே போய்விடும். ஆயிரத்து எண்ணூற்றைம்பதுகளில் அடித்தவற்றில் தப்பியவை மிகச் சொற்பம்.

2014இல் பாரிஸ் ஏலக்கூடமொன்றுக்கு அப்படியொரு ஐந்து டொலர் காசு வந்தது. ஏலத்துக்கு முதல்நாள் யாரும் போய்க் கையில் எடுத்துப் பார்க்கலாமாம். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த புண்ணியவானை மனதுக்குள் கும்பிட்டபடி, குகதாசன் கலியாணக் கோட்டை மாட்டினார். ஒரேயொரு தடவை அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

"இஞ்சேருங்கோ, என்ரை தாலிக்கொடியிலையும் பவுண் காசு தொங்குது," என்றாள் மனைவி தயாளினி. "அதைப் பாக்கக் கோட்டும் தேவையில்லை."

ஏலக்கூடத்துப் பெண் வெல்வெட் தட்டில் காசை வைத்து, விளிம்பில் மட்டும் பிடிக்கச் சொன்னாள். பக்கத்தில் ழான்-லூக் என்ற முதியவர் கைத்தடியோடு உட்கார்ந்திருந்தார்.

குகதாசன் எடுத்தார். பொன்னுக்குள் தன் மீசை தெரிந்தது. பிறகு நடந்ததற்கு அவர் பொறுப்பல்ல. பொன் கிடைத்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வது நம் கைகளின் வழக்கம். அவை தமக்கு உரியவரிடம்கூட அனுமதி கேட்பதில்லை. காசு இமையை நெருங்க, "மிஸ்யூ!" என்று முதியவர் அலறினார்.

பெண் காசைப் பறித்துத் தட்டில் வைத்தாள். பிறகு கதவைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"என்ன செய்யப் போனீர்கள்?" முதியவர் பிரெஞ்சில் கேட்டார்.

"நன்றி சொல்ல."

"காசுக்கா?"

குகதாசன் தன்னிடமிருந்த பிரெஞ்சையெல்லாம் திரட்டினார். "இல்லை. இதைத் தொடாமல், உருக்காமல் இவ்வளவு காலமும் காப்பாற்றியவர்களுக்கு."

"கடைசி நாற்பது வருடம் காப்பாற்றியது நான்தான்," என்றார் முதியவர். "நாளைக்கு விற்கிறேன். பைத்தியம் என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். நன்றி என்று ஒருவரும் சொன்னதில்லை." பெண்ணிடம் திரும்பினார். "திரும்ப இவரிடமே கொடுங்கள். அந்தக் கைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்."

இந்த முறை குகதாசன் ஆசை தீரப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் தயாளினியிடம் சொன்னார்: "நாப்பது வருசம் விரல் படாமல் வைச்சிருந்த மனிசன்!"

"தொடாமல் வைச்சிருக்க ஏனாம் வாங்கினவர்?"

குகதாசன் கோட்டைக் கழற்றினார்.

"எனக்குக் காட்டத்தான்," என்றார்.