ஜேர்மன்காரனின் மூன்று மணிச் செய்தி

சூடேறிய தூசியின் மணம்தான் முதலில் வரும், குரல் பிறகுதான். பிரெடெரிசியாவில் நாங்கள் இருந்த இரண்டாம் மாடி வீட்டில், யாரோ ஒரு டேனிஷ்காரர் வேண்டாமென்று கொடுத்த பழைய மர வானொலி குசினி யன்னலோரம் இருந்தது. பொத்தானைத் திருகினால் மஞ்சள் விளக்கு மெல்ல எரிந்து, கொஞ்சநேரம் இரைந்து, பிறகு ஜேர்மன் மொழியில் கதைக்கத் தொடங்கும். டென்மார்க்கில் இருந்துகொண்டு ஏன் ஜேர்மன் செய்தி என்று என் பேரப்பிள்ளைகள் டேனிஷிலேயே கேட்கிறார்கள். அந்த எண்பதுகளின் நடுவில் எங்களில் ஒருவருக்கும் டேனிஷ் தெரியாது. ஜேர்மன் என்றால் கீழ்வீட்டுச் செல்வம் அண்ணைக்காவது தெரியும்.

செல்வம் அண்ணை இங்கே வருமுன் ஹம்பர்க்கில் ஒரு உணவகத்தில் ஒரு வருடம் கோப்பை கழுவியவர். அந்தக் குசினியில் நாள் முழுக்க இந்த நிலையம்தான் ஓடுமாம். "பாட்டுக் குறைவு, விளம்பரம் இல்லவே இல்லை. கொம்பனியின்ரையும் இல்லை, கவுண்மேந்தின்ரையும் இல்லை, வீட்டுக்கு வீடு சனம் கட்டுற காசிலை நடக்குது" என்று, தானே அத்திவாரம் வெட்டியவர்போலச் சொல்வார். அரசாங்கத்தின் பிழையையும் வாசிக்கிற வானொலி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதே அம்மாவுக்கு அதிசயம். அதனால்தான் அதை அப்படி நம்பினார். எங்கள் வீட்டில் அந்த நிலையத்தின் பெயர் "ஜேர்மன்காரன்".

ஜேர்மன்காரன் மணிக்கொரு தரம் செய்தி சொல்வான். மூன்று மணிக்குச் சொன்னதை நான்கு மணிக்கும் சொல்வான். புதுச் செய்தி வந்துவிட்டால் பழையதைத் தூக்கிவிடுவான். அதை வைத்து ஒரு ஒழுங்கு செய்திருந்தோம். அம்மா மொழி வகுப்புக்குப் போய்விடுவார். பத்து வயதான நான் பள்ளிக்கூடத்தால் வந்து வானொலிக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். "ஸ்ரீலங்கா" என்ற சொல் விழுந்தால் கீழே ஓடிப்போய்ச் செல்வம் அண்ணையை எழுப்பவேண்டும். அவர் வந்து அடுத்த மணியில் அதைக் கேட்டு எங்களுக்கு விளங்கப்படுத்துவார்.

அப்பா யாழ்ப்பாணத்தில் இருந்தார். கொழும்புக்குப் போய், அங்கிருந்து விமானம் ஏறி எங்களிடம் வரவேண்டும். "றோட்டிலை ஏதும் பிரச்சினை எண்டு ஜேர்மன்காரன் சொன்னால், நான் எங்கடை ஊர்ச் சந்திக் கடைக்கு ரெலிபோன் கோல் எடுத்து அவரை நிக்கச் சொல்லுவன்" என்பார் அம்மா.

ஒரு நாள் "ஸ்ரீலங்கா" வந்தது. நான் எழும்பி ஓடுவதற்குள், செய்தி முடிந்து, வாசிப்பவர் குரலைத் தாழ்த்தி ஊர்ப் பெயர் ஒன்று, எண் ஒன்று, ஊர்ப் பெயர் ஒன்று, எண் ஒன்று என்று நிறுத்தி நிறுத்தி வாசிக்கத் தொடங்கினார். ஊரில் அப்படி வாசித்தால் அது செத்தவர் கணக்குத்தான். வகுப்பால் வந்த அம்மாவிடம் அழுதுகொண்டே சொன்னேன். அம்மா குளிர்க்கோட்டைக் கழற்றாமலே மாதாவின் படத்துக்கு முன்னால் விழுந்தார். அடுத்த மணிக்குச் செல்வம் அண்ணை வந்து காதைக் கொடுத்தார். ஸ்ரீலங்காவைப் பற்றி ஏதோ ஒரு தேயிலை விலை. பிறகு அந்தப் பட்டியல் வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எடி விசரி, அது ஆத்துத் தண்ணி எத்தினை அடி நிக்குது எண்டு கப்பல்காரருக்குச் சொல்லுறதடி! நீ என்னண்டால் ஒரு செத்தவீடே நடத்திப்போட்டாய்!"

அம்மாவும் சிரித்தார், கண்ணைத் துடைத்துத் துடைத்து. அன்றிலிருந்து படிக்கட்டில் காண்கிற எங்கள் ஆட்களெல்லாம், "என்ன தண்ணி அளக்கிறவள், இண்டைக்கு எத்தினை அடி?" என்று கேட்டார்கள். இப்போது நினைத்தால் எனக்கும் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

சில கிழமைக்குப் பிறகு, வெள்ளிக்கிழமை கொழும்புக்கு வெளிக்கிடுகிறேன் என்று அப்பாவின் கடிதம் வந்தது. அதற்கு முதல் நாள், வியாழக்கிழமை, மூன்று மணிச் செய்தியில் "ஸ்ரீலங்கா" மறுபடியும் விழுந்தது. நான் கதவு வரைக்கும் போனேன். கீழே செல்வம் அண்ணை யாரோடோ பலத்துச் சிரித்துக் கதைப்பது கேட்டது. திரும்பி வந்து கதிரையில் இருந்துவிட்டேன். நான்கு மணிக்கு வந்தால் பார்ப்போம் என்று நினைத்தேன். நான்கு மணிக்கு அது வரவில்லை.

"என்ன பிள்ளை, ஜேர்மன்காரன் ஏதும் சொன்னவனே?"

"ஒண்டும் இல்லையம்மா."

அப்பா போன பஸ்ஸை ஆமிக்காரர் வழியில் மறித்து, அவரை இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று சந்திக் கடைக்காரர் எழுதினார். அந்த மூன்று மணிச் செய்தி றோட்டைப் பற்றியதா, மறுபடியும் தேயிலையைப் பற்றியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மூன்று வருடம் கழித்து அப்பா வந்து சேர்ந்தார், வலது கையை மேலே தூக்கமுடியாமல். வந்த முதல் கிழமை, சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து, கோபமில்லாமல்தான் கேட்டார்: "நீங்கள் இஞ்சை ஒரு செய்தியும் கேக்கேல்லையோ?"

அம்மா அவருக்குச் சோறு பிசைந்துகொண்டே சொன்னார்: "கேக்காமலோ? இவள் பள்ளிக்கூடத்தாலை வந்து சாப்பிடவும் முதல் ரேடியோவடியிலை இருப்பள். ஒரு மணித்தியாலமும் தவறவிடேல்லை என்ரை பிள்ளை."

அப்பா இடது கையால் என் தலையைத் தடவினார். நான் குனிந்து சாப்பிட்டேன்.

இப்போது அந்த அலைவரிசையில் ஒருவரும் இல்லை. மத்திய அலையை நிறுத்திவிட்டார்களாம். முள்ளை எந்த எண்ணில் வைத்தாலும் ஒரே இரைச்சல்தான். ஆற்றுத் தண்ணீரை யாரும் வாசிப்பதில்லை. அப்பாவும் அம்மாவும் இந்த ஊர்ச் சேமக்காலையில் பக்கத்துப் பக்கத்துக் கல்லறைகளில் இருக்கிறார்கள். ஒரு மணித்தியாலமும் தவறவிடவில்லை என்று அம்மா அன்று சொன்னது பிழை என்று நான் சொல்லியிருக்க வேண்டியது அந்த இரண்டு பேரிடம்தான்.